தனியாகக் கிளம்பினால் துணை எங்கே கிடைக்கும்? ஹாஸ்டல், நடைவழி, பண்ணை: ஓர் ஒப்பீடு

அக்கா மகளுக்கு 24 வயது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டாள். புதிய வேலை நவம்பரில்தான் தொடங்குகிறது. செப்டம்பரும் அக்டோபரும் முழுதாக அவள் கையில் இருக்கின்றன. சேமிப்பு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக வெளிநாடு போகப்போவதாக வீட்டில் அறிவித்துவிட்டாள். அக்காவுக்குப் பாதுகாப்புக் கவலை, அத்தானுக்குப் பணக் கவலை. அவள் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்க் கேட்டது வேறு.

"சித்தி, அங்கே போய்ப் பேச ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன்?"

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். யாரோடு இருப்பேன் என்று கேட்பவர்கள் குறைவு. இருபது சொச்சம் வயதில் தனியே போய்வந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மலையையும் கடற்கரையையும் பிறகுதான் சொல்வார்கள். பெயர்கூட மறந்துபோன ஒருவரோடு விடுதிச் சமையலறையில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். சிலர் இதற்கு நேர்மாறாகவும் சொல்வார்கள்: ஆறு வாரம் கூட்டத்தின் நடுவிலேயே இருந்தேன், ஒருவரும் ஒட்டவில்லை என்று. எது நேரும் என்பதில் நம் சுபாவத்துக்கு ஒரு பங்கு உண்டு. நாம் தேர்ந்தெடுக்கும் வழிக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டுப் பயணம் செய்ததில் நான் கண்டது. புதியவரிடம் முதலில் பேச எனக்கு இன்றும் தயக்கம்தான். ஆனாலும் சில வழிகளில் மூன்றாம் நாளே எனக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. சில வழிகளில் ஒரு மாதமாகியும் கிடைக்கவில்லை.

அவள் ஒரு தாளில் நான்கு வழிகளை எழுதி வைத்திருந்தாள்: வியட்நாமில் ஹாஸ்டல் ஹாஸ்டலாக (ஓர் அறையைப் பலர் பகிர்ந்து தங்கும் பயணியர் விடுதிகள்) போவது, ஸ்பெயினில் காமினோ நடைவழி, ஏதாவதொரு பண்ணையில் உணவுக்கும் இடத்துக்கும் ஈடாக வேலை, ஆஸ்திரேலியாவில் விடுமுறை வேலை விசா. ஐந்தாவதாக நேபாளத்தின் அன்னபூர்ணா மலைநடைச் சுற்றை நான் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: இன்று பழகிய முகத்தை நாளையும் பார்ப்பாயா?

ஹாஸ்டல் வழி

வியட்நாமில் தொடங்குவது எளிது. 2023 ஆகஸ்ட் முதல் மின்விசா 90 நாளுக்குக் கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். டார்மிட்டரியில் ஒரு கட்டில் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து டாலருக்குள் அடங்கிவிடும். நாட்டின் வடிவமே பயணிகளுக்குச் சாதகமானது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை நீண்டு கிடப்பதால் ஏறக்குறைய எல்லோரும் வடக்கிலிருந்து தெற்காகவோ தெற்கிலிருந்து வடக்காகவோ ஒரே கோட்டில் போகிறார்கள். ஹனோயில் பார்த்த ஜெர்மன்காரப் பெண்ணை ஒன்பது நாள் கழித்து ஹோய் ஆனில் ஒரு தையல்கடை வாசலில் மீண்டும் பார்த்தபோது, பள்ளித்தோழியைக் கண்டதுபோல் இருவரும் கட்டிக்கொண்டோம். ஹனோயில் நாங்கள் பேசியது மொத்தமே இருபது நிமிடம்.

அதே ஊர்களில் மிகத் தனியாக உணர்ந்த நாட்களும் உண்டு. ஹாஸ்டலில் நாள்தோறும் மூன்று கேள்விகள் வரும். எந்த ஊர்? எத்தனை நாளாகப் பயணம்? அடுத்து எங்கே? முதல் வாரம் இது இனிக்கும். மூன்றாவது வாரத்தில், சொன்னதையே சொல்லிச் சொல்லி, நம் வாழ்க்கையே நமக்கு மனப்பாடச் செய்யுள்போல ஆகிவிடுகிறது. நான்காவது கேள்விக்கு உரையாடல் போகும் நேரத்தில் அவருக்குப் பேருந்து வந்துவிடும்.

புதிய ஹாஸ்டல்களில் இன்னொரு மாற்றத்தையும் கவனித்தேன். முன்பு அடுக்குக் கட்டில்கள் திறந்தே இருக்கும்; எதிர்க் கட்டிலில் இருப்பவர் கண்விழித்ததும் நம் முகத்தில்தான் விழிப்பார். இப்போது கட்டிலுக்குக் கட்டில் கனத்த திரை, உள்ளே தனி விளக்கு, சார்ஜ் ஏற்றத் தனிப் பொருத்தி. உடை மாற்ற, நிம்மதியாகத் தூங்க, குறிப்பாகப் பெண்களுக்கு, இது பெரிய வசதி. வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எட்டுப் பேர் இருக்கும் அறையில் எட்டுத் திரைகளும் மூடி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் கைபேசி வெளிச்சம் மட்டும் கசிந்துகொண்டிருக்க, ஒரு பேச்சுக்குரலும் இல்லாத மாலைப்பொழுதில் நான் நுழைந்திருக்கிறேன். அன்று என் திரையையும் மூடிக்கொண்டு அழுதேன்.

இந்த விடுதிகள் தொடங்கிய விதம் வேறு. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவு தங்கினார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கட்டடங்களை நடந்துவரும் இளைஞர்களுக்குத் திறந்துவிடலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி அமைந்தது. பிறகு பல நாடுகளில் பரவிய இளைஞர் விடுதிகளில், தங்குபவர்களே பெருக்கிப் பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கையில் துடைப்பத்தோடு நிற்கும் இருவர் பேசாமல் இருக்க முடியாது. இன்று நாம் பணம் கொடுக்கிறோம், வேறொருவர் பெருக்குகிறார். அதனால் கூட்டத்தைச் சேர்த்துவைக்க விடுதிகளுக்கு மது தேவைப்படுகிறது.

இதை அவளிடம் அழுத்திச் சொன்னேன். தென்கிழக்கு ஆசியாவின் பெரிய ஹாஸ்டல்களில் மாலை நேரத் தோழமை பெரும்பாலும் பாரைச் சுற்றித்தான் நடக்கிறது. இலவசக் குவளை, விளையாட்டு, பிறகு கூட்டமாக அடுத்த பார். குடிக்காதவர்களை யாரும் விரட்டுவதில்லை; ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் பேச்சு அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. 2024 நவம்பரில் லாவோசின் வாங் வியாங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் சிலருக்கு 19, 20 வயதுதான். புதிய நண்பர்களோடு ஒரு மாலையைக் கழித்ததைத் தவிர அந்தப் பிள்ளைகள் எதுவும் செய்யவில்லை. யார் ஊற்றினாலும் மூடி திறக்காத போத்தலைத் தவிர வேறெதையும் தொடாதே என்று அவளிடம் சொன்னேன். சித்தியாக மட்டும் சொல்லவில்லை. அதே வயதில் அதே மேசையில் உட்கார்ந்திருந்தவளாகவும் சொன்னேன்.

ஹாஸ்டல் வழிதான் என்றால் மூன்று திருத்தங்கள் செய்துகொள்ளலாம். இருபது முப்பது கட்டிலுக்கு மேல் இல்லாத, சமையலறை உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் நான்கு இரவுக்குக் குறையாமல் தங்க வேண்டும். இரண்டாம் இரவில் நீ பழைய ஆள், புதிதாக வருபவருக்கு வழி சொல்பவள். மூன்றாவது, 50 டாலர் விசாவையே எடு. தோழமை திட்டத்தை மாற்றும். "நாளை லாவோசுக்குப் போகிறோம், வருகிறாயா?" என்று நான்கு பேர் கேட்கும்போது, வெளியே போனால் திரும்ப நுழைய முடியாத விசாவை வைத்துக்கொண்டு கையசைத்து வழியனுப்பியிருக்கிறேன். ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பலருக்கு இந்த வலி தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

வடக்கே ஹா ஜாங் மலைச்சுற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், மூன்று நான்கு நாள், மோட்டார் சைக்கிளில். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே குழுவாகப் போய், இரவில் மலைக்கிராமத்து வீடுகளில் பாயில் படுத்து, ஒரே நீண்ட மேசையில் சாப்பிடுகிறார்கள். மா பி லெங் கணவாயின் விளிம்பில் நின்று கீழே பச்சை நூல்போல் ஓடும் ஆற்றைச் சேர்ந்து பார்த்தவர்களிடம் அந்த மூன்று கேள்விகள் எழுவதில்லை. மூன்று நாளும் அதே முகங்கள். வண்டியை மட்டும் உள்ளூர் ஓட்டுநரிடம் விட்டுவிட்டுப் பின்னால் உட்கார வேண்டும். அந்த வளைவுகளில் கற்றுக்குட்டிகள் விழுந்து கைகால் ஒடிவது சாதாரணம். ஓட்டுநர் உரிமச் சிக்கலும் நீங்கும்.

காமினோ

பிரான்ஸ் எல்லையிலுள்ள சென் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரிலிருந்து பைரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினின் குறுக்கே சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா வரை சுமார் 780 கிலோமீட்டர். புனித யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பி ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் நடந்த வழி. இன்று நடப்பவர்களில் பக்தி இல்லாதவர்கள் ஏராளம். சாந்தியாகோவில் வழங்கப்படும் 'கொம்போஸ்தேலா' சான்றிதழை 2024இல் பல வழிகளாலும் வந்து பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் நடந்தால் ஐந்து வாரம்.

பழனிக்கு நடந்துபோனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழி ஒன்று, திசை ஒன்று, வலி ஒன்று. யார் என்ன வேலை பார்க்கிறார் என்பது மூன்றாம் நாள் வரை யாருக்கும் தெரியாது. தெரிந்தபிறகும் அது பெரிதாகத் தோன்றாது. விக்டர் டர்னர் என்ற மானுடவியலாளர் இந்த நிலைக்குக் 'கம்யூனிடாஸ்' என்று பெயர் வைத்தார். அன்றாட வாழ்வின் தட்டுகளும் பட்டங்களும் கழன்று விழுந்த இடத்தில் மனிதர்களுக்குள் உண்டாகும் சமமான நெருக்கம் அது.

நெருக்கம் தானாக வருவதுபோல் தோன்றினாலும் அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பயணி ஒவ்வொருவர் கையிலும் ஒரு முத்திரை அட்டை. 'ஆல்பெர்கே' எனப்படும் யாத்திரிகர் விடுதியில் அதைக் காட்டினால்தான் கட்டில். பொது விடுதிகளில் முன்பதிவு கிடையாது, ஓர் இரவுதான் தங்கலாம், இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும், காலை எட்டுக்குள் வெளியேறிவிட வேண்டும். விதிகள் கடுமையாகத் தெரியலாம். ஆனால் அதனால்தான் எல்லோரும் ஒரே தாளத்தில் நகர்கிறார்கள். இன்று உன் பக்கத்தில் காலணியைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நாளை மாலையும் அதே ஊரில், அதே கொடிக்கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். விலகிப் போனாலும் நான்கு நாளில் மறுபடி எதிர்ப்படுவார். வழியெங்கும் இருக்கும் மஞ்சள் அம்புக்குறிகள்கூட ஒருவர் கையால் தொடங்கியவை. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா, 1980களில், தாமே வண்ணக் குவளையோடு போய் மரத்திலும் கல்லிலும் வரையத் தொடங்கினார்.

கிரான்யோன் என்ற ஊரை மட்டும் கொஞ்சம் நெருங்கிச் சொல்ல வேண்டும். அங்கே தேவாலயத்தோடு ஒட்டிய கட்டடத்தில் தங்குமிடம். கட்டில் கிடையாது, தரையில் மெல்லிய மெத்தை. கட்டணமும் கிடையாது, திறந்தபடி ஒரு பெட்டி இருக்கிறது. முடிந்ததைப் போடு, வேண்டியதை எடுத்துக்கொள் என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. மாலையில் எல்லோரும் சேர்ந்து சமைத்தோம். எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. பக்கத்தில் கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவினாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் முப்பது சொல் தேறாது. சாப்பிட்டு, வரிசையாக நின்று பாத்திரம் கழுவி முடித்ததும், தேவாலயத்தின் உள்ளே பாடகர் மாடத்துக்கு அழைத்துப்போனார்கள். இருட்டு. ஒரே ஒரு மெழுகுவர்த்தி கைமாறிக் கைமாறி வந்தது. அதை ஏந்தும்போது விரும்பியதைப் பேசலாம், தம் மொழியிலேயே. என் முறை வந்தபோது தமிழில் பேசினேன். அந்த ஆண்டு இறந்துபோன என் அப்பாவைப் பற்றி, நான்கைந்து வாக்கியம். அங்கிருந்த இருபத்தைந்து பேரில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டபோது அந்தக் கொரியப் பெண் என் மணிக்கட்டைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இன்னும் உருளைக்கிழங்கு மண்ணின் வாசம் இருந்தது.

இதைப் படித்துவிட்டுக் காமினோவில் குறையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சான்றிதழ் பெறக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் சாரியா என்ற ஊரிலிருந்து கூட்டம் திடீரெனப் பெருகுகிறது. நான்கு வாரம் நடந்து வந்தவர்கள், சிறு பையோடு அன்று காலை பேருந்தில் வந்து இறங்கியவர்களைச் சற்றே இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன். நெருக்கமான எந்தக் கூட்டத்திலும் வாசல் சாத்தும் புத்தி எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதை அங்கேதான் என்னிடமே கண்டேன். இன்னொன்று, வயது. உன் வயதுக்காரர்கள் மட்டும் வேண்டும் என்றால் இது உகந்த இடமல்ல. பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய நடக்கிறார்கள். அதை நான் நன்மையாகவே எண்ணுகிறேன். என் குதிகால் கொப்புளத்தில் ஊசிநூல் கோத்து நீரை வடித்துவிட்டவர் அறுபத்தேழு வயது டச்சுத் தாதி.

செலவு கூடுதல். சாந்தியாகோ இருக்கும் கலீசியப் பகுதியில் பொது ஆல்பெர்கே 10 யூரோ; சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 35 முதல் 45 யூரோ வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. முன்பதிவு இல்லாத விடுதிகளை நம்பிப் போகும் பயணத்துக்கு, தங்குமிடச் சான்று கேட்கும் விசா விண்ணப்பம் ஒரு தலைவலிதான். நாள்வாரியான நடைத்திட்டம் எழுதி, முதல் சில இரவுகளுக்கும் சாந்தியாகோவுக்கும் தனியார் விடுதியில் பதிவு செய்து இணைத்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்னபூர்ணா

ஸ்பெயினுக்குப் பணமோ விசாவோ கைகூடாவிட்டால், அதே குணமுள்ள வழி நமக்கு அருகிலேயே இருக்கிறது. நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா தேவையில்லை. அன்னபூர்ணா காப்புப்பகுதி அனுமதிச்சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பதால் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டால் பாரம் குறையும்.

இங்கே எல்லோரையும் ஒரே தாளத்தில் நகரவைப்பது உயரம். பெசிசஹரில் தொடங்கி 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயைத் தாண்டும் முன், 3,540 மீட்டரில் மனாங் என்ற ஊரில் உடல் பழகுவதற்காக ஒரு நாளாவது நின்றே ஆகவேண்டும். எவ்வளவு வேகமாக நடப்பவரும் அங்கே நிற்கிறார். மலையேறும் பருவத்தில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவர்கள் மலைநோய் பற்றி நாள்தோறும் பிற்பகலில் அங்கே பேசுகிறார்கள். அந்த அறையில் போர்த்திக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் அடுத்த மூன்று நாளும் உன்னோடு இருப்பவர்கள். யாருக்குத் தலைவலி, யார் நேற்றிரவு வாந்தி எடுத்தார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மாலையில் தேநீர் விடுதிகளில் வெப்பம் இருக்கும் இடம் ஒன்றுதான், சாப்பாட்டு அறையின் அடுப்பு. தனி அறை இருந்தாலும் குளிர் எல்லோரையும் அங்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பருப்பும் சோறும் போதும் என்னும் வரை பரிமாறுவார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு நான் சொன்ன ஐந்திலும் இதுவே மேல்.

இந்தத் தோழமைக்குப் பொறுப்பும் உண்டு. 2014 அக்டோபரில் இந்தப் பகுதியில் வீசிய பனிப்புயலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மலையேறிகளும் வழிகாட்டிகளுமாக. குழு போகிறது என்பதற்காக மேகமூட்டத்தில் கணவாய் ஏறாதே. யாருக்காவது மூச்சு வாங்கினால் அவரோடு கீழே இறங்கத் தயங்காதே.

கணவாயைத் தாண்டி இறங்கினால் முக்திநாத். நம் ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் இதுவே என்று வைணவர்கள் போற்றும் தலம். பத்து நாளாகத் தமிழே கேட்காமல் நடந்து, தோல் உரிந்த மூக்கோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். கோயிலின் 108 நீர்த்தாரைகளின் கீழே நனைந்தபடி ஓர் அம்மாள், "நீ ஜீப்பில் வரவில்லையா? அந்த மலையிலிருந்தா இறங்கி வருகிறாய்?" என்று கேட்டுத் தன் உலர்ந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டார்.

பண்ணை

உணவுக்கும் தங்குவதற்கும் ஈடாக ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வேலை. சூ கொப்பார்ட் என்ற லண்டன் செயலர் 1971இல் தொடங்கிய வூஃப் அமைப்புதான் இந்த முறையைப் பரப்பியது. நகரத்தில் இருப்பவர்கள் வாரக்கடைசியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உதவுவது என்ற சிறு யோசனை அது. இன்று உலகம் முழுவதும் கிளைகள்.

ஆழமான நட்பு இங்கே கிடைக்கும். ஆனால் இரண்டே பேரோடு, மூன்றே பேரோடு. யார் அந்த இருவர் என்பது முழுக்க உன் அதிர்ஷ்டம். நேபாள மலைக்கிராமம் ஒன்றில் காய்கறித் தோட்ட வேலை என்று சொல்லி அழைத்தார்கள். போனபின், சுற்றுலா விருந்தினர் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை, காலை ஆறு முதல் மாலை வரை. இன்னொரு தன்னார்வலர் கிடையாது. பேருந்து நிற்கும் இடத்துக்கு இரண்டு மணி நேர நடை. ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டேன். அடுத்து போன பண்ணை மிக நல்லது. அந்த வீட்டுப் பெண் இன்றும் தசைன் பண்டிகைக்கு என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார். அதிலிருந்து என் முதல் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: ஒட்டவில்லை என்றால் அன்றே கிளம்ப முடியுமா? பண்ணைக்குப் போகுமுன் அங்கே ஏற்கெனவே இருக்கும் தன்னார்வலர் ஒருவரோடு பேச வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், பேருந்து எவ்வளவு தொலைவில் என்று கேட்க வேண்டும். சம்பளமில்லாத வேலையையும் வேலையாகவே கருதும் நாடுகள் பல உண்டு. அங்கே சுற்றுலா விசாவில் இதைச் செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆஸ்திரேலியா

இதை நான் செய்ததில்லை, வயது தாண்டிவிட்டது. 18 முதல் 30 வயது வரையான இந்தியருக்கு இந்த வேலை-விடுமுறை விசா 2024இல்தான் திறந்தது, ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறையில். தோழியின் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பண்டபர்க் பக்கம் பழம் பறிக்கும் இளைஞர்களுக்கான விடுதியில் இருக்கிறான். மாதக்கணக்கில் அதே அறை, அதே எட்டுப் பேர், அதிகாலை ஒரே வேனில் தோட்டம், இரவில் ஒரே அடுப்பில் வரிசை. தோழமை இறுகுகிறது என்பதில் ஐயமில்லை; அவன் பேசும்போது தைவான்காரர்களையும் பிரெஞ்சுக்காரர்களையும் சொந்தத் தம்பி தங்கைபோலத்தான் சொல்கிறான்.

ஆனால் கட்டிலையும் வேலையையும் தருபவர் ஒருவரே என்னும்போது வெளியேறும் வழி குறுகிவிடுகிறது. 2022 ஏப்ரலிலிருந்துதான் எடைக்கணக்கில் பழம் பறிப்பவர்களுக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி உறுதியாயிற்று. பண்டபர்க்குக்கு அருகே சில்டர்ஸ் என்ற ஊரில், 2000 ஜூன் 23 அன்று, இத்தகைய விடுதி ஒன்றில் மூட்டப்பட்ட தீயில் 15 இளம் பயணிகள் இறந்தார்கள். விடுதியில் நுழைந்ததும் அவசர வாசல் எங்கே, அது திறக்கிறதா என்று தள்ளிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து வந்தது. இரண்டு மாத இடைவெளிக்கு இந்த வழி பொருந்தாது. ஓராண்டு கையில் இருப்பவர்கள் இதைப் பயணம் என்று எண்ணாமல் வேலை என்று எண்ணி, சம்பளச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு போகலாம்.

அவளுக்கு நான் சொன்னது

செப்டம்பர் முதல் வாரத்தில் சென் ழான் பியே தெ போரிலிருந்து காமினோ. வெயில் தணிந்திருக்கும், கோடைக்கூட்டம் குறைந்திருக்கும். மூன்று லட்சத்துக்குள், விமானச் சீட்டை முன்கூட்டி எடுத்தால், இறுக்கிப் பிடித்து முடித்துவிடலாம். அவளைப்போல் தானாகப் போய்ப் பேசத் தயங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். அங்கே பேச்சைத் தொடங்கி வைப்பது கொப்புளம்தான். எளிதில் பழகும் சுபாவம், இசை, இரவு, உன் வயதுக் கூட்டம் என்று கேட்டிருந்தால் வியட்நாமையே முதலில் சொல்லியிருப்பேன். விசா மறுக்கப்பட்டால், செப்டம்பர் கடைசியில் ஹா ஜாங். அப்போது வயல்கள் பொன்னிறமாக இருக்கும். அங்கிருந்து அக்டோபரில் அன்னபூர்ணா. இரண்டும் சேர்ந்தே காமினோவைவிடக் குறைந்த செலவில் முடியும்.

திரும்பி வந்தபின் வரும் வெறுமையையும் சொல்லி வைத்தேன். சாந்தியாகோ பேராலயத்துச் சதுக்கத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள்; மறுநாள் காலை அந்தச் சதுக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. அதற்காகவே அங்கே இரண்டு இரவு கூடுதலாகத் தங்கு, பின்தங்கி வருபவர்களை வரவேற்க ஆளாக இரு என்றேன்.

"அப்பாவிடம் நீங்களே பேசுங்கள் சித்தி" என்றாள். பேசினேன். அத்தான் காப்பீட்டுத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, நடப்பதற்காகவா இவ்வளவு தூரம் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார். காலணி வாங்கியாகிவிட்டது. அதைக் காலுக்குப் பழக்க, ஆறு கிலோ பையோடு தினமும் காலையில் மருதமலைப் படி ஏறி இறங்குகிறாள். விசா மையத்தில் ஜூலை மூன்றாம் வாரத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. விசா முத்திரை விழுந்தால் சென் ழான் பியே தெ போர், விழாவிட்டால் ஹா ஜாங், பிறகு பெசிசஹர்.